ஓட்டம் நின்ற பிறகு

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே, ஸ்பிரிங்வேல் பகுதியில் நாங்கள் குடியேறியது 2009-ஆம் ஆண்டு. வீட்டைப் பார்க்க வந்தது ஒரு பகல் வேளையில். ஆகவே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது குடிவந்த பின் வந்த முதல் வியாழக்கிழமை இரவில்தான் தெரிந்தது. வானத்தின் ஒரு மூலை வெண்மையாக ஒளிர்ந்தது. காற்று எங்கள் பக்கமாக வீசியபோது, ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் எதையோ சொல்லிக்கொண்டே போவது கேட்டது. அரை நிமிடம்தான். பிறகு அமைதி. இருபது நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே குரல். சாண்டவுன் பார்க் நாய்ப் பந்தயத் திடல் அது என்று மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ரயில் சத்தத்துக்குப் பழகுவதைப் போல அந்தக் குரலுக்கும் பழகிப்போனோம்.

ஒரே ஒரு முறை உள்ளே போயும் இருக்கிறோம். அலுவலக நண்பர்கள் ஒரு நவம்பர் மாதத்தில் விருந்துக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிச் சுவருக்கு இப்பால் சாப்பாட்டு மேசைகள். அப்பால் மணல் பரப்பிய ஓடுதளம். இங்கே ஒரு பந்தயத்தில் எட்டு நாய்கள் ஓடும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு, மூன்றுக்கு வெள்ளை, நான்குக்கு நீலம், ஐந்துக்கு மஞ்சள், ஆறுக்குப் பச்சை, ஏழுக்குக் கறுப்பு, எட்டுக்கு இளஞ்சிவப்பு. மஞ்சள் மங்களகரமான நிறம் என்று நாங்கள் ஐந்தாம் எண்ணின் மேல் ஐந்து டாலர் கட்டினோம். பெட்டியின் கதவுகள் திறந்தன. தண்டவாளத்தில் பொம்மை முயல் பாய்ந்தது. 515 மீட்டர் தூரம் முப்பது விநாடிக்குள் முடிந்துவிட்டது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் அது. எங்கள் மஞ்சள் கடைசியாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பிறகு இனிப்பு வந்தது.

கடைசியாக வந்த நாய் அதன் பின் எங்கே போகும் என்று அன்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் தோன்றவில்லை.

2021-இல் எங்கள் மகளுக்குப் பத்து வயது. பெருந்தொற்றுக் காலம். பள்ளி பாதி நாள் திறந்தும் பாதி நாள் மூடியும் இருந்தது. நாய் வேண்டும் என்று அவள் கேட்டது முதல் முறையன்று. ஆனால் மறுக்க எங்களிடம் காரணங்கள் தீர்ந்துபோனது அதுவே முதல் முறை. ஊரெல்லாம் நாய் தேடிக்கொண்டிருந்ததால் காப்பகங்கள் காலியாக இருந்தன. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளுக்கு மட்டும் வீடு தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. அவற்றுக்கு வீடு தேடித்தரும் தன்னார்வலர்களின் தொலைபேசி எண்ணை மகளே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. எங்களோடு இருப்பவர் பாட்டி. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். மகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் பாட்டி என்றே அழைக்கிறோம். தாத்தா காலமான பின், 2019-இல் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 2020 மார்ச்சில் நாட்டின் எல்லை மூடப்பட்டது. பாட்டி இங்கேயே தங்கிவிட நேர்ந்தது.

"நாய் வாசலோட சரி. வீட்டுக்குள்ள நாய் படுத்தா அது வீடா?" என்றார் பாட்டி.

இந்த நாயை வாசலில் படுக்கவைக்க முடியாது என்று விளக்கினோம். கிரேஹவுண்டுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. மயிர் மெல்லியது, அடியில் பஞ்சுபோன்ற இரண்டாம் மயிர் கிடையாது. மெல்பர்ன் குளிரில் வெளியே விட்டால் தாங்காது. குளிர்காலத்தில் அதற்குச் சட்டைகூடப் போட வேண்டும். பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நாய்க்குச் சட்டையா" என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஒருவர் வந்து எங்கள் வீட்டு வேலியின் உயரத்தை அளந்தார். வீட்டில் பூனை உண்டா, முயல் உண்டா, குழந்தைக்கு என்ன வயது, பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். சில வாரங்கள் வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் எந்தக் கேள்வியும் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார். அந்த நிபந்தனை எங்களுக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் அது வந்தது. மூன்று வயதுப் பெண் நாய். வெளிறிய செம்மண் நிறம். ஆழ்ந்த மார்பு, உள்ளே ஒட்டிய வயிறு, நீண்ட கழுத்து. காதின் உட்புறம் பச்சை மையில் எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று பந்தயப் பட்டியலில் அச்சாகும் ஆடம்பரமான பெயர். அந்தப் பெயரால் அதை யாரும் அழைத்ததில்லை. மற்றொன்று கொட்டிலில் அழைத்த பெயர், டெய்சி. மகள் டெய்சியையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். வாசலில் நின்று பார்த்த பாட்டி, "செவலை" என்றார். பெயராகச் சொல்லவில்லை, ஊரில் மாட்டையும் நாயையும் நிறத்தைச் சொல்லிக் குறிக்கும் வழக்கத்தில் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

செவலை எங்கள் வீட்டுக்குள் நுழைய மறுத்தாள். நுழையத் தெரியவில்லை என்பதே சரி. பந்தய நாய் பிறப்பது பண்ணையில். பிறகு பயிற்சியாளரின் கொட்டில். ஒன்றரை வயது வாக்கில் ஓடத் தொடங்கும். மூன்று நான்கு வயதில் ஓட்டம் முடிந்துவிடும். அதன் பின்னும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாழக்கூடிய இனம் இது. அதாவது ஆயுளின் பெரும்பகுதி, ஓட்டம் நின்ற பிறகுதான் வருகிறது. ஆனால் அந்தப் பெரும்பகுதிக்கு வேண்டிய எதுவும் அதற்குக் கற்றுத்தரப்பட்டிருக்காது. வழவழப்பான தரை, மாடிப்படி, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி எல்லாமே அதற்குப் புதியவை.

எங்கள் செவலை முதல் நாளே பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டாள். அதில் காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்தோம். கூடத்து ஓடுகளில் கால் பரப்பிக்கொண்டு நின்று நடுங்கினாள். வாசலிலிருந்து அவள் படுக்கைவரை வீட்டிலிருந்த பாய்களையும் ஜமுக்காளங்களையும் வரிசையாக விரித்தோம்; அந்தப் பாதையை விட்டு இரண்டு வாரம் இறங்கவேயில்லை. நிலைக்கண்ணாடியில் தெரிந்த நாயிடம் நீண்ட நேரம் வாலாட்டினாள். குக்கர் விசில் அடித்தால் குளியலறைக்கு ஓடிவிடுவாள். மிக்ஸி ஓடினாலும் அப்படியே. பாட்டி இட்லிக்குச் சட்னி அரைக்கும் முன் "அரைக்கப் போறேன் தாயி" என்று நாய்க்கு அறிவிப்புக் கொடுக்கத் தொடங்கியதை நாங்கள் கவனித்தோம். ஆனால் எதுவும் சொல்லவில்லை.

ஓடுவதற்காகவே பிறந்த இந்த நாய் நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்பது எங்களுக்குப் பெரிய வியப்பு. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் நடந்தால் போதும். மீதி நேரம் நான்கு கால்களையும் மேலே தூக்கி மல்லாந்து கிடப்பாள். மகிழ்ச்சி அதிகமானால் பற்களைக் கிட்டித்துக்கொண்டு ஒலியெழுப்புவாள். கடிக்க வருகிறாளோ என்று முதல் நாள் பயந்தோம். நின்றுகொண்டிருப்பவரின் தொடையில் உடம்பு முழுவதையும் சாய்த்துக்கொள்வாள்; அதுதான் அவளுடைய அன்பு. உட்காருவது மட்டும் அரிது. தொடைத் தசையின் அமைப்பால் இந்த இனத்து நாய்கள் பலவற்றுக்கு உட்காருவது வசதியாக இருப்பதில்லை.

கால்நடை மருத்துவர் எங்களிடம் சொன்ன முதல் செய்தி, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இது கிரேஹவுண்ட் என்று முதலில் சொல்லிவிடுங்கள் என்பதே. இதன் இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிட அதிகம். தைராய்டு அளவு குறைவு. பிற இனங்களில் நோய் என்று எழுதப்படும் எண்கள் இதற்கு இயல்பானவை. பழைய வகை மயக்க மருந்துகள் சிலவற்றை இதன் உடல் மெதுவாகவே வெளியேற்றும்; மயக்கம் தெளியத் தாமதமாகும். அதனால் வேறு மருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அவர் வலது பின்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, கணுமூட்டில் எலும்பு முறிந்து கூடியிருக்கிறது என்றார்.

இங்கே நாய்கள் இடப்பக்கமாகவே திரும்பி வட்டத்தைச் சுற்றுகின்றன. வளைவுகளில் உடல் எடையின் விசை வெளிப்பக்கக் காலில் இறங்குகிறது. மறுபடியும் மறுபடியும் அதே கால். பந்தய நாய்களுக்கு வலது பின்னங்காலின் கணுமூட்டு எலும்பு முறிவது அதனால்தான் இவ்வளவு வழக்கமாக இருக்கிறது. பந்தயக் காணொளிகள் பொதுவில் கிடைக்கின்றன. செவலை ஓடியவை பத்தொன்பது பந்தயங்கள், வென்றது ஒன்று. மகள் தூங்கிய பின் கடைசிப் பந்தயத்தை நாங்கள் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் வளைவில் நீலச் சட்டை திடீரென்று பின்தங்கியது. மற்ற நாய்கள் காட்சியிலிருந்து போய்விட்டன. படம்பிடித்தவரும் அவற்றோடு போய்விட்டார். பின்தங்கிய நாய் என்ன ஆனது என்பது திரையில் இல்லை. அது எங்கள் காலடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். 2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசுத் தொலைக்காட்சியான ஏபிசியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி, சில பயிற்சிக்களங்களில் முயல், பாசம், பன்றிக்குட்டி ஆகியவற்றை உயிரோடு கட்டிவைத்து நாய்களை ஏவியதைப் படம்பிடித்துக் காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த விசாரணை ஆணையத்துக்கு முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மெக்யூ தலைமை தாங்கினார். 2016-இல் வெளியான அறிக்கையின்படி, அந்த மாநிலத்தில் 12 ஆண்டுகளில் பிறந்த பந்தய நாய்கள் 97,783. அவற்றில் குறைந்தது 48,891, அதிகபட்சம் 68,448 நாய்கள், போதிய வேகம் இல்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கலாம். அதாவது பாதியிலிருந்து பத்தில் ஏழு வரை. அந்த ஆண்டு ஜூலையில் முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்தையே தடைசெய்வதாக அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியது, அக்டோபரில் தடையைக் கைவிட்டார். தலைநகர் கான்பெர்ரா அமைந்த பிரதேசம் மட்டும் 2018-இல் தடைசெய்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் வாக்களித்து, 2020 இறுதியோடு அங்கே பந்தயத்தை முடித்துவைத்தனர். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில், 2026 ஜூலைக்குப் பின் பந்தயம் இருக்காது என்று அறிவித்தது. நாங்கள் வாழும் விக்டோரியாவில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து வளர்ப்புக் கிரேஹவுண்டுகளுக்குத் தெருவில் வாய்ப்பூட்டுக் கட்டாயமில்லை என்று ஆனது.

இவற்றையெல்லாம் படித்தபோது எங்களுக்கு ஒரு வகை உயர்வு மனப்பான்மை வந்தது. "இவர்கள் நாகரிகம் இவ்வளவுதான்" என்று சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டோம். பாட்டி எதுவும் பேசாமல் சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் இரவு அது நடந்தது.

செவலை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். இந்த இனத்தில் அது சாதாரணம். தூங்கும்போது தொடாதீர்கள், தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அச்சிட்ட தாளிலும் இருந்தது. நாங்கள் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம், மகளுக்கு ஒரு முறை சொன்னோம், அதோடு மறந்துவிட்டோம். அன்று மகள் தூங்கப்போகும் முன் அவளுடைய படுக்கையருகே மண்டியிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண் திறந்திருந்ததால் விழித்திருக்கிறாள் என்று நினைத்தாளாம். ஓர் உறுமல், ஒரு பாய்ச்சல், மகளின் அலறல். நாங்கள் ஓடிவந்தபோது மகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள், விரலிடுக்கில் இரத்தம். செவலை மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலை வயிற்றுக்கடியில் செருகி, உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தாள்.

காயம் ஆழமில்லை. கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு கீறல். தையல் தேவையில்லை என்று மருத்துவமனையில் சுத்தம்செய்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு விரற்கடை என்பதுதான் அன்றிரவு முழுவதும் எங்கள் தலைக்குள் இருந்தது.

வீடு திரும்பிய பின் தன்னார்வலரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் பதறவில்லை. மகளின் நலத்தை முதலில் விசாரித்தார். "இந்த நாய் பிறந்ததிலிருந்து தனிக் கூண்டில் தூங்கியது. தூக்கத்தில் அதை யாரும் தொட்டதேயில்லை. கண்விழிக்கும் முன்பே உடம்பு தற்காத்துக்கொள்கிறது. வஞ்சம் எதுவும் இல்லை. பெரும்பாலான நாய்கள் நாளடைவில் பழகிவிடும். ஆனால் முடிவு உங்களுடையது. நாளை காலை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் வருகிறேன்" என்றார். நாளை காலை வந்துவிடுங்கள் என்று சொன்னோம். அதைச் சொல்வது மிக எளிதாக இருந்தது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, சொன்னபடியே.

மகள் அழுது அழுது தூங்கிப்போனாள். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பாட்டி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவராகப் பேசத் தொடங்கினார். அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே தருகிறோம்.

"நான் வாக்கப்பட்டு வந்த வருசம் உங்க தாத்தாகிட்ட ஒரு சிப்பிப்பாறை இருந்துச்சு. கருப்பன். இந்தச் செவலை மாதிரியே ஒட்டுன வயிறு, நீட்டு மூஞ்சி. வெள்ளாமை எடுத்துட்டாக் காட்டுல முயலுக்குப் போவாக. கருப்பன் முன்னால போனா முயல் தப்பாது. பக்கத்து ஊர்க்காரவுக வந்து விலை கேட்டாக. இவுக குடுக்கல. எனக்குக் கஞ்சி ஊத்துறதுக்கு முன்னாடி அதுக்கு ஊத்தச் சொல்லுவாக. அம்புட்டுச் செல்லம்.

"ஒருநா முயலை வெரட்டிக்கிட்டுப் போய்ப் பொட்டக் கிணத்து ஓரத்துல விழுந்து முன்னங்கால் ஒடிஞ்சுபோச்சு. பத்துப் போட்டுப் பாத்தாக. கூடல. நொண்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. ஒருநா வண்டியில ஏத்திட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துட்டாக. மூணாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்துருச்சு. நொண்டிக்கிட்டே வந்துருச்சு. நான்தான் கஞ்சி ஊத்துனேன். குடிச்சிட்டு என் கால்ல இப்பிடித்தான் சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

"மறுநா பருத்தி ஏத்துன லாரி விருதுநகருக்குப் போச்சு. அதுல ஏத்திவிட்டாக. நான் நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல. புதுப் பொண்ணு, எப்பிடிச் சொல்லன்னு அன்னைக்கு நெனச்சேன். பெறகு அம்பது வருசம் அவுக கூட இருந்தேன். அப்பயும் கேக்கல. தர்மர் நாய விட்டுட்டு மேலுலகத்துக்கு வரமாட்டேன்னு சொன்ன கதையைக் கூத்துல பாத்து ரெண்டு பேரும் கண்ணத் தொடச்சிருக்கோம். அப்பயும் கேக்கல."

சிறிது நேரம் கழித்து, "இந்த ஊர்க்காரவுகளை நீங்க ஏசுனப்ப எனக்குச் சோறு எறங்கல" என்றார்.

தாத்தாவை நாங்கள் நன்கு அறிவோம். எறும்புப் புற்றுக்கு அரிசி நொய் போடுபவர். யாரையும் கடுஞ்சொல் சொல்லாதவர். அவரைக் கொடியவர் என்று எங்களால் எண்ண முடியவில்லை. அதுதான் சிக்கல். காதில் எண் குத்தி, கடைசியில் கணக்கிலிருந்து நீக்கிவிடும் பயிற்சியாளரையும் அவருடைய பேரப்பிள்ளைகள் இப்படித்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஓடும்வரை உயிருக்கு நிகராக வைத்துக்கொள்வதும், ஓட்டம் நின்ற மறுநாள் வண்டியில் ஏற்றுவதும் ஒரே கையால் செய்யக்கூடியவை. அந்தக் கை எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. அன்றிரவு தொலைபேசியை எடுத்ததும் அதே கைதான்.

"பிள்ளை கன்னம் பெருசு. அதை நான் சின்னதாச் சொல்லல. ஆனா நம்மகிட்டச் சொன்னதை நாம கேக்கல. அதுக்கு நாய என்ன சொல்ல?" என்றார் பாட்டி. எழுந்து போகும்போது, "நான் பகல் பூராவும் சும்மாத்தான் உக்காந்திருக்கேன். நான் பாத்துக்கிடுறேன்" என்றார்.

காலையில் வந்த தன்னார்வலரை நாங்கள் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, திருப்பி அனுப்பப்போவதில்லை என்று சொன்னோம். அவர் எங்களைப் பாராட்டவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். நாயின் படுக்கையைச் சுற்றி மடக்குத் தடுப்பு வைக்க வேண்டும். தடுப்புக்குள் யாரும் போகக்கூடாது. நாயே எழுந்து வெளியே வரும்போதுதான் கொஞ்ச வேண்டும். இரண்டு அடி தூரத்திலிருந்து பெயர் சொல்லி அழைத்து, அது தலையைத் தூக்கினால் ஒரு தின்பண்டம் போட வேண்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தையையும் நாயையும் தனியே விடக்கூடாது. மகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இது எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். மகளைக் கேட்டோம். கட்டுப்போட்ட கன்னத்தோடு அவள் தாளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விதியையும் தமிழில் எழுதிப் பாட்டியின் அறைக்கதவில் ஒட்டினாள்.

அந்தப் பயிற்சியை முழுமையாகச் செய்தவர் பாட்டிதான். நாற்காலியைத் தடுப்புக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டு, மணிக்கொருமுறை "செவலை" என்று அழைப்பார். கண் அசையும். தலை நிமிரும். வேகவைத்த கோழித்துண்டு ஒன்று விழும். தமது ஐம்பதாண்டுச் சமையலையும் அவர் நாய்க்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை அதைவிடக் கேடு. சாம்பாரில் நனைந்த இட்லியையும் பாயசம் வழித்த கிண்ணத்தையும் எட்டாத உயரத்தில் வைக்கப் பழகினார். கிரேஹவுண்டுக்கு எட்டாத உயரம் என்பது சமையல் மேடைக்கும் மேலே. ஒருநாள் ஆறவைத்திருந்த பருப்பு வடை எட்டும் மறைந்தன. கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசி செய்து, வெங்காயம் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லி, ஓர் இரவு விழித்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் வடைக்கு வெங்காயம் கிடையாது.

ஜூன் மாதக் குளிரில் பாட்டி தாத்தாவின் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கைகளை வெட்டி, கழுத்தைக் குறுக்கித் தைத்தார். அதைச் செவலைக்குப் போட்டுவிட்டபோது நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து ஒரு பிற்பகல், செவலை தூங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய காலை மகளின் புத்தகப்பை உரசியது. செவலை திடுக்கிட்டு விழித்தாள். யார் என்று பார்த்தாள். பெருமூச்சு விட்டு மீண்டும் படுத்துக்கொண்டாள். மகள் அசையாமல் நின்று எங்களைப் பார்த்தாள். தடுப்பை நாங்கள் அதன் பிறகும் எடுக்கவில்லை. இன்றுவரை யாரும் அவளைத் தூக்கத்தில் தொடுவதில்லை. அது அவளுடைய இடம்.

நண்பர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டு. நீங்கள் தத்தெடுப்பதால்தானே பந்தயக்காரர்கள் கவலையின்றி அடுத்த நாயை வளர்க்கிறார்கள், அவர்களுடைய கழிவை நீங்கள் சுமக்கிறீர்களே என்று. அதில் உண்மை இருக்கிறது. பந்தய நிர்வாகங்களே தத்தெடுப்புத் திட்டங்களை நடத்துகின்றன; மகிழ்ச்சியான குடும்பங்களின் படங்களை வெளியிடுகின்றன. ஒரு நாய்க்கு வீடு கிடைப்பதால் திடலின் விளக்கு அணைவதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. மனுவில் கையொப்பமிடுவது, உறுப்பினருக்கு எழுதுவது, பந்தயம் கட்டாதிருப்பது. அவற்றையும் செய்கிறோம். ஆனால் பிறந்துவிட்ட நாயிடம் கொள்கை பேச முடியாது. ஆற்றைத் தாண்டி நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பதற்கு முதலில் கஞ்சி ஊற்ற வேண்டும். அடுத்த நாள் லாரி வரும்போது வாய் திறந்து பேசவும் வேண்டும். இரண்டில் ஒன்று போதாது என்பதைப் பாட்டியிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

எல்லை திறந்த பின் பாட்டி ஊருக்குப் போனார். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னார்.

செவலைக்கு இப்போது முகம் நரைத்துவிட்டது. வலது பின்னங்கால் குளிரில் விறைக்கிறது; பாட்டி தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார். ஆண்டுக்கு ஒருசில முறை, வேலியிட்ட மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். பெரும்பாலும் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். எப்போதாவது, எங்களுக்குத் தெரியாத ஏதோ காரணத்துக்காக, முதுகை வில்லாக வளைத்து, நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழ, ஒரு சுற்று ஓடுவாள். சில சமயம் இடப்பக்கமாக. சில சமயம் வலப்பக்கமாக. பாதியில் நின்று, மூச்சிரைக்க வந்து பாட்டியின் காலில் சாய்ந்துகொள்வாள். "போதும் தாயி, வா வீட்டுக்கு" என்பார் பாட்டி.

வியாழக்கிழமை இரவுகளில் அந்தக் குரல் இன்றும் காற்றில் வருகிறது. முதல் ஆண்டில் அதைக் கேட்டால் செவலையின் காதுகள் நிமிரும். எழுந்து கதவுவரை போய் நிற்பாள். இப்போது எழுவதில்லை. நாங்கள்தான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துகிறோம்.